திருவிருந்து ஞாயிறில் ஒருவரும் தராத பிளேன்ரீ

இஞ்சாருங்கோ,

கலியாணம் கட்டிய நாளிலிருந்து உங்களை நான் கூப்பிட்டது இந்த ஒரு சொல்லால்தான். நீங்கள் போய் ஒரு வருடம் கழிந்துவிட்டது. இப்பவும் அடுப்படியில் நின்றால் அதுதான் வாயில் வருகிறது. ஆனால் இது வீட்டுக்குள் கூப்பிடுகிற மாதிரி இல்லை, ஊரறிய எழுதுகிறேன். உங்களுக்கு வெட்கமாயிருக்கும். இருக்கட்டும். வெட்கப்பட்டு வெட்கப்பட்டுத்தானே இந்த இடத்தில் வந்து நிற்கிறோம்.

போன மாதம் உங்கள் ஆண்டு நினைவுக்கு வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தேன். கோப்பாய்ச் சனம் முக்கால்வாசி வந்தது. எல்லார் வாயிலும் ஒரே கதைதான். குடுத்துவைச்ச மனிசன், கர்த்தரின்ரை சந்நிதியிலை, அதுவும் திருவிருந்து நாளிலை. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிற்று. கொடுத்துவைத்த சாவாம். நான் கட்லட் தட்டை நீட்டிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவராவது, அன்றைக்கு நாங்கள் பிழை விட்டிட்டம் என்று சொல்வார்களா? ஒரு வருடமாக அந்த ஒரு சொல்லுக்குத்தான் காத்துக்கொண்டிருந்தேன். கட்லட்டுக்கு உப்புக் காணாது என்றுதான் சொன்னார்கள்.

எங்கே தொடங்கியது என்று ஞாபகமிருக்கா? வல்லை வெளியில். யாழ்ப்பாணத்திலிருந்து நெல்லியடிக்கு பஸ் ஓட்டிய காலம் அது. இரண்டு பக்கமும் மரமில்லாத அந்த வெளிக்குள் பஸ் இறங்கினதும் உங்களுக்குக் கை வேர்க்கும், நெஞ்சு அடிக்கும், மூச்சு முட்டும். சண்டைக் காலத்தில் அதே வெளியில், மேலே ஹெலி சுற்ற, பஸ் நிறையச் சனத்தோடு நீங்கள் அகப்பட்டது எனக்குத் தெரியும். என்னிடம் ஒரே ஒரு தரம்தான் சொன்னீர்கள், அதுவும் சுவரைப் பார்த்துக்கொண்டு.

நெல்லியடியில் பஸ்ஸை நிறுத்தி கொண்டக்டரிடம் நீங்கள் சொன்னது வேறு கதை. சீனி இறங்கிட்டுது போலை. சலரோகம் என்று கிளினிக்கில் சொல்லி அப்போது கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நல்ல சாட்டாய்ப் போயிற்று. பயம் என்று சொன்னால் ஸ்டியரிங்கைப் பறித்துவிடுவார்கள், ஊர் விசர், பைத்தியம் என்று பட்டம் வைத்துவிடும். சீனி என்றால் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். எங்கடை ஊரில் சீனி வருத்தம் இல்லாத வீடு எது?

பிறகென்ன, நெஞ்சு அடிக்கும்போதெல்லாம் பால் விடாத தேத்தண்ணி, இனிக்க இனிக்க ஒரு பிளேன்ரீ. குடித்துக் கொஞ்ச நேரத்தில் நெஞ்சு அடங்கும். அந்தப் பயம் தானாகவே அடங்கக்கூடியது என்று எங்களுக்கு யார் சொன்னது? பிளேன்ரீதான் காப்பாற்றியது என்று நம்பினீர்கள். பென்சன் எடுத்து வீட்டில் இருந்த பிறகும் அதே கதைதான். "இஞ்சாரும், ஒரு பிளேன்ரீ போடும், சீனியைக் கூடப் போடும்" என்பீர்கள். வீட்டில் அரிசி முடியலாம், சீனி முடியக்கூடாது.

ஒரு நாள் கிளினிக்கில் காத்திருக்கிற வாங்கிலேயே உங்களுக்கு அது வந்ததே. அந்தச் சின்ன டொக்டர்ப் பிள்ளை ஓடிவந்து விரலில் குத்திப் பார்த்தாள். "ஐயா, சீனி இறங்கேல்லை, ஏறியெல்லோ நிக்குது. இது பதகளிப்பு. இதுக்கும் மருந்து இருக்கு" என்றாள். பிறகு என்னை இருத்தி ஆறுதலாக விளங்கப்படுத்தினாள். பயம் வந்தால் உடம்பு தானே சீனியை இரத்தத்துக்குள் விடுமாம். சீனி ஏறினால் இரவில் பத்துத் தரம் எழும்பவேணும், நித்திரை கெடும். நித்திரை கெட்டால் பயம் இன்னும் கூடும். மனம் சரியில்லாதவனுக்கு மருந்தை ஒழுங்காய்ப் போடவும் மனம் வராது, சாப்பாட்டைக் கட்டுப்படுத்தவும் மனம் வராது. பிறகு இருதயம், கால், கண் என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். ஒன்றைத் தனியப் பார்த்துச் சுகப்படுத்த ஏலாது அம்மா, இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கவேணும் என்றாள்.

மன டொக்டரின் அறை அதே விறாந்தையின் கடைசியில் இருந்தது. அதற்குப் போக, சீனி வருத்தக்காரர் இருக்கிற வாங்கைக் கடக்கவேணும். டொக்டர்ப் பிள்ளை எழுதித் தந்த துண்டை வாங்கிக்கொண்டு எழும்பினீர்கள், பாதி தூரம் போனீர்கள், அப்படியே திரும்பி சைக்கிள் விடுகிற இடத்துக்கு நடந்தீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, அங்கை மணியத்தின்ரை பெண்சாதி இருக்கிறா என்றீர்கள். மணியத்தின் பெண்சாதி. அந்த மனுசியின் ஒரு பார்வைக்குப் பயந்து மூன்று வருடம் மருந்தில்லாமல் இருந்தீர்கள்.

உங்கள் அக்காவின் கூத்து அதற்கு மேலே. என் மச்சாள்தான் அவ, ஆனால் நியாயம் நியாயம். டொக்டர் சொன்னதை அவவிடம் சொன்னேன். கதவைச் சாத்தினா. "பிள்ளைக்குக் கனடாச் சம்பந்தம் கதைக்கினம். தாய்மாமன் விசருக்கு மருந்தெடுக்கிறார் எண்டால் ஆர் கட்டுவினம்? சீனி எண்டே இருக்கட்டும்" என்றா. அடுத்த ஞாயிறு ஆராதனையில், நோயாளிகளின் பெயரும் வருத்தமும் வாசித்து ஜெபிக்கிற நேரத்தில், போதகர் வாசித்தார், சலரோகத்தினால் வருந்தும் நம்முடைய சகோதரன் என்று. மச்சாள்தான் பெயர் கொடுத்தவ. கடவுளுக்குக்கூடப் பிழையான வருத்தத்தைத்தான் அறிவித்தோம்.

அந்தக் கனடாச் சம்பந்தத்தை அவர்களாகவே விட்டுவிட்டார்கள், ஏன் என்று இன்றைக்கும் தெரியாது. பிள்ளை தன்னோடு வேலை செய்கிற பெடியனைக் கட்டிச் சந்தோசமாயிருக்கிறாள். மாமனுக்கு என்ன வருத்தம் என்று அவன் இன்றுவரை கேட்டதில்லை. இதற்காகவா அத்தனை பிளேன்ரீயும் குடித்தீர்கள்? இதற்காகவா உங்கள் கால் விரல் போனது?

விரலை எடுத்த பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. அதுவரை கெஞ்சினவள் அன்று முதல் சண்டை பிடித்தேன். ஊசியும் தொடங்கியிருந்தது, காலையும் இரவும் இன்சுலின். ஒரு நாள் நீங்களே சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து, "வாரும், போவம்" என்றீர்கள். விறாந்தைக் கடைசி அறைக்குப் போனோம். பயத்துக்கு விழுங்கக் குளிசை தந்தார்கள். அந்தக் கிழமை நீங்கள் விடியுமட்டும் நித்திரை கொண்டீர்கள். நான் எழும்பி, மூச்சு வருதோ என்று மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். அவ்வளவு காலமாகி இருந்தது உங்களை அப்படிப் பார்த்து.

பிறகு அந்தப் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்ல எழும்பினீர்களே, அதை நான் சாகுமட்டும் மறக்கமாட்டேன். சொல்லச் சொல்லி உங்களைத் தூண்டினவள் நான்தான், அதற்கு இன்றைக்கும் மனம் வருந்தவில்லை. "எனக்குச் சீனியும் இருக்கு, பயமும் இருக்கு. இவ்வளவு நாளும் ஒண்டைச் சொல்லி மற்றதை மறைச்சுப்போட்டன்" என்றீர்கள். முன் வாங்கைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். எனக்கு அழுகை வந்தது. சனம் உங்களைக் கட்டிப்பிடித்தது. ஆனால் அந்தச் சனத்துக்கு ஒரு ஆளுக்கு ஒரு வருத்தம்தான் கணக்கு. நீங்கள் இரண்டும் இருக்கு என்றீர்கள், அவையளின் காதில் பின்னையது மட்டும்தான் விழுந்தது. அடுத்த நாளே ஊரெல்லாம், அவருக்குச் சீனி இல்லையாம், பயமாம் என்று கதை.

அந்தத் திருவிருந்து ஞாயிறுக்கு முதல் நாள் நான் கொழும்புத்துறைக்குப் போனேன். தங்கச்சிக்குக் கண் ஒப்பரேசன் செய்திருந்தது. படலையில் நின்று உங்களுக்குச் சொன்னேன், ஊசி போட்டால் சாப்பிடவேணும், இல்லாட்டில் சீனி இறங்கிவிடும், புட்டு அவித்து வைச்சிருக்கிறன் என்று. ஓம் ஓம் என்றீர்கள். ஆனால் உங்கள் வீட்டு வழக்கம் இருக்கே. திருவிருந்து எடுக்கும் நாளில் அப்பமும் இரசமும் தொண்டைக்குள் இறங்கமுன் வேறொன்றும் இறங்கக்கூடாது. உங்கள் அப்பா, என் மாமா, உங்களை அப்படித்தான் வளர்த்தார். போதகர் அப்படிக் கேட்கவேயில்லை. வருத்தக்காரர் சாப்பிட்டுவிட்டு வாங்கோ என்று அவர் பிரசங்கத்திலேயே சொன்னவர். நீங்கள் டொக்டர் சொன்னபடி ஊசியையும் போட்டீர்கள், அப்பா சொன்னபடி வெறும் வயிற்றோடும் போனீர்கள். எல்லாருக்கும் கீழ்ப்படிந்த மனுசன். எனக்கு மட்டும் கீழ்ப்படியவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, கேட்டீர்களா?

பிறகு நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லி அறிந்தது. பாதி ஆராதனையில் உங்கள் சேர்ட் தொப்பலாய் நனைந்ததாம். "இறங்குங்கோ, எல்லாரும் இறங்கி ஓடுங்கோ" என்று முன் வாங்கில் இருந்தவர்களைப் பிடித்துத் தள்ளினீர்களாம். கடைசியில் நீங்கள் நின்றது பஸ்ஸோடு அந்த வல்லை வெளியில்தான். மச்சாள் பெண்கள் பக்கத்திலிருந்து ஓடிவந்து, "உது பயம், சீனி இல்லை, சுத்தி நிண்டு ஜெபியுங்கோ" என்றாவாம். சுற்றி நின்றார்கள். பாடினார்கள். பின்னால் மண்டபத்தில், ஆராதனை முடியக் குடிக்கவென்று தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தி கொண்டுவரவா என்று கேட்டிருக்கிறாள். வேண்டாம், தேத்தண்ணி குடுத்துக் குடுத்துத்தான் விரல் போனது என்று தடுத்திருக்கிறார்கள். அது நான் சொல்லித் திரிந்த கதைதான். முதலில் குத்திப் பாருங்கோ என்றும் சேர்த்துத்தான் சொன்னேன். குத்திப் பார்க்கிற மெசின் உங்கள் பைக்குள், உங்கள் காலடியில் கிடந்தது.

அத்தனை வருடம் பயத்துக்குச் சீனி தந்தோம். சீனி தேவைப்பட்ட ஒரே நாளில் ஜெபம் தந்தார்கள். ஆமென் சொல்லி, ஓட்டோ பிடித்து, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது நீங்கள் கண் திறக்கவில்லை. குளுக்கோஸ் ஏற்றினார்கள். நான் கொழும்புத்துறையிலிருந்து வந்து சேரவும் உங்கள் இருதயம் நிற்கவும் சரியாயிருந்தது.

இனி உங்களுக்குத் தெரியாத புதினத்துக்கு வருகிறேன். மச்சாளுக்கும் இந்த வருடம் இன்சுலின் தொடங்கிவிட்டது. உங்கள் சீனி அவவுக்கும் சொந்தம்தானே, உங்கள் வீட்டு வழக்கமும் சொந்தம். போன ஞாயிறு திருவிருந்து. அவ முன் வாங்கில் இருந்து லேஞ்சியால் முகத்தைத் துடைத்துத் துடைத்து, பிறகு மெல்லச் சரிந்தா. பக்கத்தில் இருந்தவ, தம்பியை நினைச்சு மனமுடைஞ்சு போனா என்றா. பின்னால் ஒருவர் பாட்டைத் தொடங்கினார். அதே பாட்டோ என்னவோ எனக்குத் தெரியாது.

உங்கள் மெசின் என் கைப்பைக்குள்தான் எப்போதும் கிடக்கிறது. அதை எடுத்தேன். எடுத்துக்கொண்டு நின்றேன். ஒரு கணம் நின்றேன் என்பதை உங்களிடம் மறைக்கமாட்டேன். அவவும் அறியட்டுமே என்று மனம் சொன்னது. பிறகுதான் கால் நடந்தது. குத்திப் பார்த்தேன். இறங்கிக் கிடந்தது. கோவில் என்றும் பார்க்கவில்லை, போதகர் கையில் அப்பம் இருக்கிறதென்றும் பார்க்கவில்லை. "பாடுறதை நிப்பாட்டுங்கோ. பின்னாலை தேத்தண்ணி இருக்கு, சீனியை அள்ளிப் போட்டுக் கொண்டாங்கோ" என்றேன். போதகரே அங்கியோடு ஓடினார், பாவம், அந்த மனுசனைக் குறை சொல்லமாட்டேன்.

என் கையால்தான் பருக்கினேன், ஒவ்வொரு மிடறாக. கொஞ்சம் கொஞ்சமாக அவவுக்கு முகம் தெளிந்தது. சுற்றி நின்ற சனத்தைப் பார்த்தா, கோப்பையைப் பார்த்தா, பிறகு என் கையைப் பிடித்தா.

"தம்பிக்கும் இப்பிடித்தான் இருந்ததோ?"

"ஓம் மச்சாள்."

"அண்டைக்கும் பின்னாலை தேத்தண்ணி இருந்ததுதானே?"

"இருந்தது."

என் மடியில் தலையை வைத்துக் குழறி அழுதா, சபை முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. கொடுத்துவைத்த சாவு என்று இனி ஒருவரும் என் முகத்துக்கு முன்னால் சொல்லமாட்டார்கள். நான் காத்திருந்தது இதற்குத்தான். கிடைத்தால் நெஞ்சு ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. அவவின் தலையைத் தடவிக்கொண்டு, இந்தக் கோப்பை ஒரு வருடம் பிந்திவிட்டது என்றுதான் நினைத்தேன்.

எனக்கும் நெஞ்சு பதகளிக்கிறது, நீங்கள் போனதிலிருந்து. சீனியும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். வருகிற கிளினிக்குக்கு இரண்டுக்கும் போவேன். சீனி வாங்கில் இருந்து எழும்பி, மணியத்தின் பெண்சாதிக்கு எங்கே போகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, விறாந்தைக் கடைசி அறைக்கு நடப்பேன். திருவிருந்து ஞாயிறுகளில் கோவில் வாசலில் உங்கள் மெசினோடும் ஒரு போத்தல் தேத்தண்ணியோடும் நிற்பேன். ஊசி போட்ட ஒருவரும் சாப்பிடாமல் என்னைத் தாண்டி உள்ளே போகமாட்டார்கள், அது மச்சாளாயிருந்தாலும் சரி. இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

அன்றைக்கு உங்களுக்குப் போட்டுத்தரக் கிடைக்காத அந்த ஒரு பிளேன்ரீயை நினைத்துக்கொண்டு,

உங்கடை மனுசி,
றஞ்சி