முகப்படி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நன்றாகவே இருக்கிறோம். உன் உடம்பும் மனசும் அங்கே ஒன்றுபோல நன்றாக இருக்கின்றன என்று நீ எழுதினால்தான் எங்கள் நலம் முழுசாகும். போன் இருக்கும்போது எதற்கு அம்மா கடிதம் என்று சிரிப்பாய். போனில் நான் எதையாவது ஆரம்பித்தால் பாதியில் நீ குறுக்கே பாய்வாய், மீதியில் அப்பா பிடுங்கிக்கொண்டு தன் முழங்கால் கதையைத் தொடங்குவார். கடிதத்தில்தான் என் பேச்சை யாராலும் வெட்ட முடியாது. முழங்கால் இப்போது தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் கைப்பிடியைத் திட்டிக்கொண்டே ஏறுகிறார். சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, ஆள் எதற்கு, நானே பார்க்கிறேன் என்று இறங்கினார், இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. அதைப் பற்றி நீ அவரிடம் எதுவும் கேட்டுவிடாதே.

உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் ஒன்று இருக்கிறது. பதறாதே, ஒரு வழியாக முடிந்துவிட்டது. நான் வேலை பார்க்கிற வீட்டுச் சாமான் கடையை வேறு கம்பெனி வாங்கியது உனக்குத் தெரியும். அவர்கள் அனுப்பிய புது மேனேஜருக்கு உன் வயசுதான் இருக்கும். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு சீப்பு, கண்ணாடிக் கதவைக் கண்டால் போதும், நின்று தலை வாரிக்கொள்வார், அதனால் எங்களுக்குள் அவர் பெயரே சீப்பு. வந்த கையோடு தோற்றத்துக்கு விதி போட்டார். வாடிக்கையாளர் கண்ணில் படுகிற பெண்கள் நரை தெரியாமல் சாயம் பூச வேண்டும், உதட்டுச் சாயம் கம்பெனி சொன்ன நிறத்தில் இருக்க வேண்டும், குதிகால் உயர்ந்த செருப்பு போட வேண்டும், மூக்குக்கண்ணாடி கூடாது, பார்வை போதாதவர்கள் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் போட்டுக்கொள்ளலாம். ஆண்கள் முகம் மழித்து, சட்டையை உள்ளே விட்டால் போதும். இதற்கெல்லாம் ஒத்துவருகிறவர்களுக்குச் சம்பளத்தோடு முன்வரிசைப் படி என்று ஒரு தொகை. மற்றவர்கள் பின்பக்கம் போக வேண்டும், அங்கே அந்தப் படி கிடையாது. சாயம், செருப்பு, லென்ஸ் எல்லாம் நம் கைக்காசு. அந்தப் படிக்கு நாங்கள் முகப்படி என்று பெயர் வைத்துவிட்டோம்.

நானும் முயற்சி செய்யாமல் இல்லை. சாயம் பூசினேன், அப்பா என்னைப் பார்த்துவிட்டு யாரம்மா நீங்கள் என்றார். அந்தச் செருப்பில் புதிதாக நடை பழகுகிற குழந்தை மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஆனால் லென்ஸ்தான் என்னைப் படுத்திவிட்டது. கண் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்து, உங்கள் கண்ணுக்கு இது ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். சரி, லென்சும் வேண்டாம் கண்ணாடியும் வேண்டாம் என்று வெறுங்கண்ணோடு நின்று பார்த்தேன். பழுதான சாமானைத் திருப்பி வாங்குகிற கவுண்டரில் இருப்பவளுக்கு ரசீது தெரியாவிட்டால் எப்படி? துணி மாட்டுகிற கம்பத்தை ஆள் என்று நினைத்து, வாருங்கள், என்ன வேண்டும் என்று கேட்டேன், பக்கத்துக் கவுண்டர் பெண் சிரித்துச் சிரித்துக் கீழேயே உட்கார்ந்துவிட்டாள். அது போகட்டும். வேறு கடையில் வாங்கிய மின்விசிறியை எங்களுடையது என்று எடுத்துக்கொண்டு பணம் கொடுத்தேன் பார், அது என் சம்பளத்தில் கழிந்தது. மறுநாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேராகச் சீப்பின் அறைக்குப் போனேன். விளக்குப் பிரிவில் இருக்கிறவர் கண்ணாடி போட்டிருக்கிறாரே, எனக்கு மட்டும் ஏன் கூடாது என்று கேட்டேன். அவர் ரொம்பப் பொறுமையாக, "ஆம்பளைங்க கண்ணாடி போட்டா நாலு விஷயம் தெரிஞ்சவங்க மாதிரி இருக்கும்மா. லேடீஸ் போட்டா அந்தக் கலகலப்பு வராது" என்றார். "எனக்கும் கண்ணாடி போட்டாத்தான் சார் நாலு விஷயம் தெரியுது" என்றேன். அந்தப் பதிலுக்குப் பரிசாக மறுநாளே என்னை போன் அறைக்கு மாற்றினார்கள். படியும் போயிற்று. அப்பாவின் கால் வைத்தியம் நடந்துகொண்டிருந்த சமயம் அது, சொன்னால் நீ அங்கே வயிற்றைக் கட்டி அனுப்புவாய் என்றுதான் வாயைத் திறக்கவில்லை.

போன் அறை என்பது கிடங்குக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத அறை, அட்டைப்பெட்டி வாசனை. அங்கே இருக்கிற பெண்ணை எல்லாரும் ரேடியோ என்று கூப்பிடுவார்கள். அப்படி ஒரு குரல். கொதித்துப்போய்க் கூப்பிடுகிற ஆள், பேசி முடிக்கும்போது நீ சாப்பிட்டியாம்மா என்று அவளைக் கேட்டுவிட்டு வைப்பான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வாடிக்கையாளரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவள் பேச்சைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள். ஆள் நல்ல பருமன். முன்கவுண்டர் வேலைக்குத்தான் விண்ணப்பித்தாளாம். "உக்காரக்கூடச் சொல்லலக்கா. ஒரு தடவ ஏற இறங்கப் பாத்துட்டு, நின்ன இடத்துலயே போன் ரூம்னுட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சிரித்தாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதற்கு நடுவே முன்பக்கத்தில் ஒரு கூத்து நடந்தது. விளக்குப் பிரிவு ஆள் என்று சொன்னேனே, உயரமான மனிதர், ஒட்டகம் என்றால்தான் யாருக்கும் தெரியும், பாட்டில் அடிப்பாகம் மாதிரி கண்ணாடி போட்டிருப்பார். என்னைப் பின்னால் தள்ளிய காரணம் அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. கடையில் கூட்டம் அலைமோதுகிற ஒரு சனிக்கிழமை பார்த்து, கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, "விதின்னா எல்லாருக்கும் விதிதானே சார், என்னையும் பின்னாடி அனுப்புங்க" என்றாராம். அவரைப் பார்த்து பில் போடுகிற ஆண்களும் கழற்றிவிட்டார்கள். ஒருவர் விலைச்சீட்டை மூக்கில் ஒட்டிக்கொண்டு படிக்கிறார், இன்னொருவர் இது எழுபதா நூற்றெழுபதா நீங்களே சொல்லுங்கள் என்று வாங்க வந்தவரையே கேட்கிறார். வரிசை வாசல்வரை போய்விட்டது. சீப்பின் முகத்தில் ஈயாடவில்லை என்றார்கள், நான் பின்னால் இருந்ததால் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. திங்கட்கிழமை கண்ணாடிக்குத் தடை இல்லை என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டு என்னை முன்னால் கூப்பிட்டார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ரேடியோ என் கையைப் பிடித்து, "சந்தோஷமாப் போங்கக்கா. உங்களுக்குக் கண்ணாடி, அவங்க விட்டுக் கொடுத்துட்டாங்க. நான் எதக் கழட்டி வச்சுட்டு வர்றது, சொல்லுங்க?" என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, அந்த வானொலிக் குரலிலேயே சாதாரணமாகக் கேட்டாள். ஆனாலும் நான் போனேன் கண்ணு. வீராப்புப் பேசி அங்கேயே உட்காரவில்லை. அந்தப் படி வீட்டுக்கு வேண்டியிருந்தது, உதட்டுச் சாயத்தைப் பூசிக்கொண்டு போய் நின்றேன். நின்றேனே தவிர, கூலியில் ஒரு பங்கைக் கண் மை மாதிரி அவள் முகத்திலிருந்து எடுத்து எனக்கு இட்டுவிட்டது போல உறுத்திக்கொண்டே இருந்தது. ஒட்டகத்திடம் சொன்னேன். அவர் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரித்துவந்தார். முன்னால் நிற்கிற நாங்கள் பலரும் ரேடியோவோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். பயந்துகொண்டேதான் போட்டேன், பொய் சொல்வானேன். படியை எங்களுக்கும் நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று சிலர் கடைசி நேரத்தில் ஒதுங்கியும் போனார்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவரவர் வீட்டு அடுப்பு அவரவருக்குத் தெரியும்.

விசாரணை போன வாரம் நடந்தது. அதிகாரி ஓர் அம்மா, அதிகம் பேசவில்லை. இந்தப் படி என்ன வேலைக்காகக் கொடுக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். வாடிக்கையாளருக்கு முகம் கொடுத்துப் பேசுகிற வேலைக்கு என்றார் சீப்பு. ரேடியோ எழுந்தாள். "நாள் பூரா நானும் அவங்ககிட்டதாம்மா பேசுறேன். என் மூஞ்சி அவங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதுக்காக அவங்க திட்டுறதுல பாதிதான் என் காதுல விழுதா?" என்றாள். சீப்பு தன்னையறியாமல் பையிலிருந்து சீப்பை எடுத்தார், பிறகு எங்கே இருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்து உள்ளே வைத்துக்கொண்டார். எனக்கு அந்த நிமிஷம் அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, மேலே இருந்து சொன்னதைத்தானே அவரும் செய்கிறார். முடிவில் வாடிக்கையாளரோடு பேசுகிற எல்லாருக்கும் அந்தப் படியைத் தர வேண்டும் என்று ஆயிற்று, இந்த மாதச் சம்பளத்தில் அவளுக்கு வந்துவிட்டது. ஆனால் சாயமும் செருப்பும் அப்படியே இருக்கின்றன, அது வேறு சண்டை. இனி முன்னால் வருகிறாயா என்று சீப்பே அவளைக் கேட்டாராம். "இப்ப வேணாம் சார். எனக்கா வரணும்னு தோணுறப்ப நானே கேக்குறேன்" என்றாளாம்.

இதையெல்லாம் உனக்கு எதற்கு எழுதுகிறேன் தெரியுமா? உன் ஓட்டலில் வரவேற்பு மேசைக்கு ஆள் எடுக்கிற பொறுப்பை உனக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று போனில் சொன்னாயே, அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டார், எனக்கும் பெருமை தாங்கவில்லை. கூடவே ஒரு கலக்கமும் இருக்கிறது. இனி ஏற இறங்கப் பார்க்கிற கண் உன்னுடையது. கம்பெனிக்கென்று விதி இருக்கும், நீ அதை மீறு என்று உதட்டுச் சாயத்தோடு நிற்கிற நான் சொல்ல முடியாது. வருகிற பெண்ணை முதலில் உட்காரச் சொல். அவள் பேசி முடிக்கும்வரை கேள். பிறகு அவளைப் பற்றி எதை வேண்டுமானாலும் எழுது.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, அப்பாவின் பிறந்தநாளுக்குக் கட்டாயம் கூப்பிடு, மறந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் காத்துக்கொண்டிருப்பார். நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், மனசுக்குப் பிடித்தபடி நீண்ட நாள் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அம்மா