அளவான டிராக்டர்

நோர்பரி, மாசி 2009

இஞ்சாருங்கோ,

நீங்கள் கராஜ் வேலை முடிந்து வரும்போது நான் பூசைக்குப் போயிருப்பேன். அதுதான் எழுதி வைக்கிறேன்.

கென்டில் காணி வாங்கிய டொலறஸுக்கு நீங்கள் தெரிந்தெடுத்துக் கொடுத்த டிராக்டர் நல்ல அளவாம். போன கிழமை மாதா கோயில் வாசலில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னா:

"அண்ணை தோட்டத்து வாசல் கேற்றையும் அளந்தவர். பெரிசெண்டால் ஆப்பிள் மரங்களுக்குள்ள திருப்பேலாதாம். என்ர கால் கிளச்சுக்கு எட்டுதோ எண்டும் இருத்திப் பார்த்துத்தான் எடுத்தவர்."

அண்ணையாம்!

நத்தார்ப் பண்டிகைக்கு எனக்கு ஒரு கோட் வாங்கி வந்தீர்கள். கோட்டின் கை, என் விரல் நுனியையும் தாண்டித் தொங்கியது. டிவியைப் பார்த்தபடியே "வடிவாயிருக்கு" என்றீர்கள்.

இன்றைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு, கையை மடித்துவிடாமல், எல்லாரும் பார்க்க, டொலறஸுக்குப் பக்கத்தில் போய் இருக்கப் போகிறேன்.

சோறு அடுப்பில் இருக்கிறது.

நீங்கள் ஒருநாளும் அளந்து பாராத
உங்கள் மனைவி