புது அறைக்குப் போட்ட மண்

கொல்லயில்
12-6-1996

ஆண்டவருடைய கிருபைக்குள் அன்பு மகள் ஷீனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்குக் குறைவொன்றும் இல்லை, நீயும் ஷாஜி மருமகனும் வயிற்றுப் பிள்ளையும் அந்த டெல்லி வெயிலில் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். வாந்தி நின்றதா? கஞ்சித் தண்ணியில் உப்புப் போட்டுக் குடி, டீயைக் குறை.

மனசு ஆறாமல்தான் இதை எழுதுகிறேன் மகளே. உன் பிரசவத்துக்கென்று வடக்குப் பக்கம் கட்டிய அறைக்குத் தரை நிரப்ப என் தம்பி ரெத்தினதாஸ் மண் தந்தான் என்று போன கடிதத்தில் பெருமையாக எழுதியிருந்தேன். அவன் காவல் இருக்கிற, முன்பு முந்திரிக்கொட்டை உடைத்த பழைய அண்டியாப்பீஸ் குடோனில், கடற்கரை மணலைச் சலித்தெடுக்கிற கம்பெனி மிச்ச மண்ணைச் சாக்கில் அடுக்கியிருக்கிறது. சாக்கெல்லாம் கிழிந்து, மழைக்கு மண் வாய்க்காலில் இறங்கிப் பக்கத்து வயல்வரை கிடக்கிறது. போன வாரம் திருவனந்தபுரத்திலிருந்து சிலர் மீட்டரோடு வந்து குடோனைச் சோதித்துவிட்டு, இந்த மண் போன வீடுகளைக் கேட்டு இங்கேயும் வந்தார்கள். நடையில் சும்மாயிருந்த மீட்டர் உன் அறைக்குள் போனதும் விடாமல் கத்தியது. அது கதிர்வீச்சுள்ள மண்ணாம். வந்துபோகிறவர்களுக்கு உடனே ஒன்றும் ஆகாது, ஆனால் கர்ப்பிணியும் கைக்குழந்தையும் நாள் முழுக்க அதன்மேல் கிடக்கக் கூடாது, வருஷக்கணக்கில் இருந்தால் புற்றுநோய் அபாயம் கூடும் என்று அதில் ஒரு அம்மா சொன்னார்.

தம்பியிடம் அப்பா போய்க் கேட்டதற்கு, எனக்கென்ன தெரியும் அத்தான், நான் வெறும் வாச்சராக்கும் என்று அழாத குறையாகச் சொன்னானாம். நானும் நம்பினேன். பாவம், அவனையும் ஏமாற்றிவிட்டார்கள் என்று அவனுக்காக ஜெபம்கூட பண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வைத்து அவன் பெண்டாட்டி ரத்னபாய்தான் என் கையைப் பிடித்து அழுதாள். மைனி, எங்க வீட்டு வேலைக்கு நான் அந்த மண்ணைக் கேட்டப்போ இவிய சம்மதிக்கல்ல, அது கேடுள்ளதாக்கும், பிள்ளைய உள்ள வீட்டுக்கு வேண்டாம்னு நெய்யாற்று மணல் கொண்டுவந்தாவ என்றாள். சோதனைக்கு ஆள் வருமுன் பின்பக்கக் குவியலைக் குறைக்கக் கம்பெனி சொல்லியிருக்கிறதாம், அதற்கு அவனுக்குக் கிடைத்த இடம் நம் வீடு. கம்பெனிக்காரன் யாரோ எவனோ. இவன் என் கூடப்பிறந்தவன். என் மருமகள் ஷீனாவுக்குள்ள அறையாக்கும் என்று சொல்லிச் சொல்லித் தன் காலாலேயே அந்த மண்ணை மிதித்து உறுதியாக்கினானே, நான் காப்பி ஆற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றேனே, நினைத்தால் நெஞ்சு வேகிறது.

தோண்டி எடுக்கலாம் என்று அப்பா மண்வெட்டியோடு நிற்கிறார். எடுத்து எங்கே கொட்டுவது என்று எவரும் சொல்லவில்லை, இன்னொருவர் வாசலில் கொண்டு தள்ள எங்களுக்கு மனசு வராது. அறையைப் பூட்டிவிட்டேன். நீ வர வேண்டாம் மகளே. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வராதே என்று எழுதுகிற தாயாகிவிட்டேன். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அங்கேயே நல்ல ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்துகொள். மாதம் நெருங்கும்போது பேறுகால மருந்தும் தேங்காயெண்ணெயும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.

ஆண்டவர் உன்னையும் பிள்ளையையும் தம் கைக்குள் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. மண்ணெல்லாம் மாற்றியாச்சு, பயப்படாம வா மக்கா என்று மாமா உனக்குப் போன் பண்ணுவான். அவன் பேச்சில் நீ கரைந்துவிடுவாய், நானும் அப்படிக் கரைந்தவள்தான். நம்பாதே.

இப்படிக்கு
உன் அம்மா
ஆனந்தபாய்