நீ திறக்காத டப்பா

அக்கா,

இன்று பாடப் புத்தகங்களுக்கு அட்டை போட உட்கார்ந்தேன். பழுப்புக் காகிதம் கிடைக்கவில்லை. சண்டை வந்ததிலிருந்து அதுவும் வருவதில்லை என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். பழைய செய்தித்தாளை வெட்டி வைத்துக்கொண்டு கோந்துக் கட்டியை வெந்நீரில் கரைத்தேன். வாசனை எழும்பியதும் கை அப்படியே நின்றுவிட்டது. நீ ஆபீஸிலிருந்து வந்து என் கன்னத்தைக் கிள்ளும்போது உன் விரல்களில் இருக்குமே, அந்த வாசனை.

கோட்டைப் பக்கம் ஒரு துணிக் கம்பெனியின் தபால் பிரிவில் நாள் முழுவதும் உறை ஒட்டிய விரல்கள். அப்பாவுக்குக் கண் மங்கி, எட்டுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய், குமாஸ்தா வேலையை விட்ட சமயம் அது. ஆண்கள் பலர் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் ஆபீஸ்களில் பெண்களையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாதுங்காவில் நம் கட்டடத்திலிருந்து வேலைக்குப் போன முதல் பெண் நீதான். நீ படியிறங்கும்போது எதிர்வீட்டு மாமி கதவை ஒருக்களித்துப் பார்ப்பாள். "மாமி, போயிட்டு வரேன்!" என்று வேண்டுமென்றே உரக்கச் சொல்வாய். கதவு சட்டென்று சாத்திக்கொள்ளும்.

சாயங்காலம் நீ குழாயடியில் கை கழுவும்போது ஆபீஸ் கதை கேட்க நான் வந்து நிற்பேன். ஒருநாள், வாழ்வில் முன்னேற வழி சொல்லும் புத்தகம் ஒன்றை வாசகசாலையிலிருந்து எடுத்து வந்து உனக்குப் படித்துக் காட்டினேன். வேலையில் எப்போதும் புன்னகை மாறாமல் இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது.

"சிரிச்சுண்டே இருந்தா வேலை தெரியாதவள்னு நெனச்சுப்பாடீ," என்றாய். "எழுதினவர் ஆபீஸ் வாசலையே மிதிச்சிருக்க மாட்டார்."

"அப்போ என்னதான் பண்ணணும்?"

"புரியலேன்னா அன்னிக்கே கேட்டுடணும். மறுநாள் கேட்டா, நேத்து என்ன தூங்கிண்டிருந்தியான்னு கேப்பா. தப்புப் பண்ணினா நாமளே போய் முதல்ல சொல்லிடணும். அடுத்தவா போய்ச் சொன்னா அது ரெண்டு தப்பாயிடும்."

இன்னொரு நாள், யாரோ லீவில் போனவளுடைய வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாய். "எல்லாத்துக்கும் நான் பாத்துக்கறேன்னு சொல்லிடப்படாதுடீ. ஒரு தடவை சொன்னாப் போறும், அப்புறம் அது நம்ம வேலைதான். நல்ல பேர் வாங்கிட்டா அதுக்குத் தீனி போட்டுண்டே இருக்கணும்." ஆபீஸைப் பற்றித்தான் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

முதல் நாள் அம்மா உனக்குத் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள். சாயங்காலம் அந்த டப்பா அதே கனத்தோடு திரும்பி வந்தது.

"தொடவே இல்லையா?" என்றாள் அம்மா.

"சாப்பிட எல்லாருக்கும் ஒரே மேஜைம்மா. பக்கத்துல ஒருத்தி மீன் கொண்டு வந்திருந்தா. எப்படித் திறக்கறது?"

அம்மாவின் முகம் அன்று மலர்ந்ததை நான் பார்த்தேன். பெண்ணை வேலைக்கு அனுப்பிவிட்டோமே என்று குன்றிப் போயிருந்தவளுக்கு, தலை நிமிர்ந்து சொல்ல ஒன்று கிடைத்துவிட்டது. மாடி மாடியாகச் சொன்னாள். "எங்காத்துப் பொண்ணு அங்க பச்சத் தண்ணிகூடத் தொட மாட்டா." எதிர்வீட்டு மாமிகூட, "அப்படீன்னா சரி," என்று தலையாட்டினாள். சில நாட்களில் அம்மா டப்பா கட்டுவதையே விட்டுவிட்டாள். ரேஷன் அரிசியை வீணாக்குவானேன் என்றாள். நீயும் சரி என்றாய். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போய், விளக்கு வைக்கும் நேரத்தில் வந்து காபி குடிப்பாய். மாசத்துக்கு மாசம் ரவிக்கையைப் பிடித்துத் தைத்துக்கொண்டாய்.

நடுவில் பசிக்காதா என்று உன்னை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நீ சிரித்துக்கொண்டே ஒரு கதை சொல்வாய். பக்கத்து மேஜை குசும் தினமும், "ஜேவ்லீஸ் கா?" என்று விசாரிப்பாளாம், சாப்பிட்டாயா என்று. நீ, "ஹோ, ஜேவ்லே," என்பாயாம், சாப்பிட்டேன் என்று. "மராத்தில நான் கத்துண்ட முதல் வாக்கியமே பொய்டீ," என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன்.

நீ படுக்கையில் விழுந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை குசும் நம் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். நீ ஜுரத்தில் தூங்கிக்கொண்டிருந்தாய். மோசம்பிப் பழங்களைக் கீழே வைத்துவிட்டு, வாசற்படிக்கு உள்ளே வரலாமா என்று தயங்கி நின்றாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது. நான்தான் நடுவில் நின்றேன்.

மதிய வேளையில் நீ எங்கே போய்ச் சாப்பிடுவாய் என்று அவள் கேட்டாள். எல்லாரும் டப்பா திறக்கும் நேரத்தில் நீ எழுந்து மாடிப்படிப் பக்கம் போய்விடுவாயாம். உங்கள் மனிதர்கள் யாரோ பக்கத்தில் இருக்கிறார்கள், அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறாள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாளாம்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னாள். "எங்காத்துப் பொண்ணு வெளில சாப்பிட மாட்டான்னு சொல்லு." சொன்னேன்.

குசும் என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். "தின் பர்?" என்றாள். "குச் பீ நஹீ?"

"என்ன கேக்கறா?" என்றாள் அம்மா.

"நாள் பூராவா, ஒண்ணுமேயான்னு கேக்கறாம்மா."

அம்மா குனிந்தாள். மோசம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புடவைத் தலைப்பில் போட்டுக்கொண்டாள். நான் மொழிபெயர்க்க அங்கே எதுவும் இல்லை.

நெஞ்சில் சளி கட்டி நோய் உள்ளே இறங்கிவிட்டது என்றார் டாக்டர். உடம்பில் தாங்குகிற சக்தி இல்லை என்றார். ஏன் இல்லை என்று அவர் சொல்லவில்லை. எங்களில் யாரும் கேட்கவும் இல்லை. அதன்பிறகு அம்மா உனக்கு மணிக்கு ஒரு தடவை கஞ்சி கொண்டு வந்தாள். உன்னால் இரண்டு வாய்க்கு மேல் முடியவில்லை.

மழை ஆரம்பித்த நாட்களில் ஒரு மத்தியானம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாய். குரலே எழும்பவில்லை. "நீ மெட்ரிக் முடிச்சா உன்னையும் அனுப்புவா. போ. ஆனா முதல் நாளே சாப்பிட்டுடு. அங்கேயே, அவாளோட உக்காந்து. ரெண்டாம் நாள்னு தள்ளிப் போட்டா அப்புறம் முடியாதுடீ. நானும் நாளைக்கு, நாளைக்குன்னுதான் இருந்தேன்."

அந்த மழை நிற்பதற்குள் நீ போய்விட்டாய்.

போன வாரம் உன் கம்பெனியிலிருந்து அப்பாவுக்கு ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார்கள். பரீட்சை முடிந்ததும் நான் வரலாமாம், அதே பிரிவில். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. "ஒருத்தியை அனுப்பினது போறாதா?" என்று அங்கிருந்தே கேட்டாள். அப்பா, பார்வை போன கண்களைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வாடகைக்கு வேறு வழியில்லை என்று மூன்று பேருக்குமே தெரியும்.

நான் உள்ளே போனேன்.

"நான் போறேம்மா. ஆனா எனக்கு டப்பா கட்டித் தரணும்."

"மீன் வாடை அடிக்கற மேஜையிலயா?"

"ஆமாம். அங்கதான். குசும் பக்கத்துல உக்காந்துப்பேன்."

"நாலு பேர் கேட்டா நான் என்னடீ சொல்லுவேன்?"

"சாப்பிடறான்னு சொல்லு."

அம்மா அடுப்பு விறகை உள்ளே தள்ளினாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என்னைப் பார்க்காமலே சொன்னாள். "வெய்யில் நாள்ல தயிர்சாதம் மத்தியானத்துக்குள்ள புளிச்சுடும். பால் நிறைய விட்டுப் பிசைஞ்சு தரேன்."

உன் வேலைக்கு நான் பொருத்தமா, தெரியவில்லை அக்கா. என் கையெழுத்து உன்னுடையதைப்போல இல்லை. யாராவது அதட்டினால் எனக்கு உடனே கண்ணில் நீர் வந்துவிடுகிறது. நீ குழாயடியில் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம், ஆனால் மனப்பாடம் செய்தது எதுவும் அந்த ஆபீஸ் வாசலுக்குள் என்னோடு வருமா என்று இரவில் நினைத்துப் பயப்படுகிறேன். ஒன்று மட்டும் இப்போதே பழகிக்கொண்டு வருகிறேன். பள்ளியில் மத்தியான மணி அடிக்கும்போது எனக்குப் பசிக்கிறது. பசிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிறேன்.