பதினெட்டாம் நாளுக்கு ஒரு டிக்கெட்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கூப்பிட்டால் "நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கேன்" என்பதோடு நம் இருவருக்கும் பேச்சு வற்றிவிடுகிறது. அண்ணன் கண்ணை மூடிய பிறகு இந்த நாலு வருஷமாக அப்படித்தான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன மாதத்தோடு ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலை முடிந்தது. முப்பத்தோரு வருஷம் ஊர் ஜனத்தின் கையில் ஊசி குத்தியாயிற்று. கடைசி நாளில் ஒரு பெரியவர், "நீங்க போயிட்டா வலிக்காம குத்த யாரும்மா இருக்காங்க?" என்றார். வீட்டுக்கு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

இனி ஒரே ஆசைதான். அண்ணன் இருந்த வீட்டைப் பார்க்க வேண்டும். டிக்கெட் போடும் கடையில் கேட்டேன். அங்கிருந்த பெண் கணினியைத் தட்டிவிட்டு, "தென் அமெரிக்காவாம்மா? நேராப் போற விமானமே கிடையாது. மூணு விமானம் ஏறணும்" என்றாள். விலையையும் சொன்னாள். உங்கள் தலைநகரம் பன்னிரண்டாயிரம் அடி உயரம், வந்து இறங்கினால் மூச்சு வாங்கும் என்பீர்களே, எனக்கு அந்த நாற்காலியிலேயே வாங்கியது. ஆனாலும் விடவில்லை. தினமும் போய்ப் பார்க்கிறேன். செவ்வாய்க்கிழமை ஒரு விலை, வெள்ளிக்கிழமை ஒரு விலை. தக்காளி விலைகூட இப்படி ஆடாது.

அண்ணன் லிப்ட் மெக்கானிக்காகச் சேர்ந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை ஒரு ஒன்பது மாடிக் கட்டடத்துக்குக் கூட்டிப்போவான். காவலாளியிடம் சோதனை ஓட்டம் என்று சொல்லிவிட்டு ஏழெட்டுத் தடவை மேலும் கீழும் ஓட்டுவான். உச்சியில் கதவு திறந்ததும், "பாத்துக்கோ, இதுக்கு மேல ஒண்ணும் கிடையாது" என்பான். நானும் நம்பினேன்.

அவன் பின்னாலேயே சுற்றியதற்கு அவன் வைத்த பெயரிலேயே கையெழுத்திடுகிறேன்.

உங்கள்
வாலு

*

ஜனவரி 30

அன்புள்ள வாலு,

உன் கடிதம் வந்தது. கண்ணாடிக் கடையில் வேலைக்கு நடுவே பிரித்தேன். லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இரண்டு தடவை படித்தேன். முழங்கால் வலி என்னோடு குடித்தனம் நடத்துகிறது.

தனித்தனியாக மூன்று டிக்கெட் வாங்கினால் மலிவு என்று யாராவது சொல்வார்கள். கேட்காதே. முதல் விமானம் தாமதமானால் அடுத்தது உனக்காக நிற்காது. இடையில் இறங்கும் நாட்டுக்கும் விசா வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள். இங்கே வந்து இறங்கியதும் ஓடக்கூடாது, குனிந்து பெட்டியைத் தூக்கக்கூடாது. இரண்டு நாளைக்குத் தலை பிளக்கும். தண்ணீர் சூடாவதற்கு முன்பே கொதித்துவிடுகிற ஊர் இது. பிரஷர் குக்கர் இல்லாவிட்டால் பருப்பு மறுநாளைக்குத்தான் வேகும்.

இரண்டு வருஷ ஒப்பந்தம் என்று வந்தோம். இருபத்திரண்டு வருஷமாயிற்று. அவர் உன்னை எத்தனை தடவை கூப்பிட்டிருப்பார்? விமானம் எங்கள் கூரைக்கு மேலே தாழப் பறக்கும்போதெல்லாம், "இதுல வாலு இருந்தா எப்படி இருக்கும்" என்பார்.

இப்போது யாரைப் பார்க்க வருகிறாய் வாலு? எழுதிய பிறகு அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடித்தாலும் நீ வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்துவிடுவாய். இருக்கட்டும்.

அண்ணி

*

பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணிக்கு,

கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். 

அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நீங்கள் போன் செய்தீர்கள். "முடிஞ்சா ஒரு தடவை வந்துட்டுப் போ" என்றீர்கள். மறுநாள், "இப்ப வர முடியாது அண்ணி, டிக்கெட் கொள்ளை விலையா இருக்கு" என்றேன். அதற்குப் பிறகு நீங்கள் கூப்பிடவில்லை. பதினோராம் நாள்தான் கூப்பிட்டீர்கள், அவன் போய்விட்டான் என்று சொல்ல.

உங்களிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. நான் டிக்கெட் வாங்கியிருந்தேன். உடனே கிளம்பினால் ஒரு விலை, பதினெட்டு நாள் கழித்துக் கிளம்பினால் அதில் மூன்றில் ஒரு பங்கு என்றார்கள். பதினெட்டாம் நாளுக்கு வாங்கினேன். கையில் பணம் இல்லாமல் இல்லை அண்ணி. கொடுக்க மனம் வரவில்லை. பதினெட்டு வருஷம் காத்திருந்தவனுக்குப் பதினெட்டு நாள் ஒரு பெரிய விஷயமா என்று நினைத்தேன். சொல்லாமல் கொள்ளாமல் வந்து கட்டில் பக்கத்தில் நின்று அவனைத் திடுக்கிட வைக்கலாம் என்று ஒரு ஆசை வேறு. கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டதாக வீட்டில் பெருமை பேசினேன்.

அந்தப் பதினெட்டாம் நாளும் வந்தது. எல்லாம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. விமானம் மாலை நாலு மணிக்கு. நான் வராந்தாவில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு தாண்டி ஐந்து நிமிஷம் ஆனதும் எழுந்துபோய்த் துணி மடித்தேன்.

அவன் இல்லாத வீட்டுக்கு வந்து என்ன செய்வேன் என்று தெரியவில்லை. அவன் உட்கார்ந்த நாற்காலியில் ஒரு நாள் உட்கார வேண்டும். அவ்வளவுதான். நீங்கள் வேண்டாம் என்றால் வரவில்லை.

வாலு

*

மார்ச் 15

அன்புள்ள வாலு,

அசட்டுப் பெண்ணே, டிக்கெட் வாங்கிய சங்கதியை நாலு வருஷமாகவா மூடி வைத்திருப்பாய்?

நானும் ஒன்றை மூடி வைத்திருக்கிறேன். உனக்குப் போன் செய்த அன்று காலையில்தான் டாக்டர் என்னைத் தனியே அழைத்து, பத்து நாள் தாண்டுவது கஷ்டம் என்று சொன்னார். உன் அண்ணனுக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தேன். உன்னிடம் பேசும்போது அவர் பக்கத்திலேயே படுத்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் ஏதோ விருந்துக்குக் கூப்பிடுவதுபோல "முடிஞ்சா வா" என்றேன். பிறகு வெளியே வந்து உன்னைத் தனியாகக் கூப்பிட்டிருக்கலாம். செய்யவில்லை. வாயால் சொன்னால் நிஜமாகிவிடும் என்று பயம். நான் உள்ளதைச் சொல்லியிருந்தால் நீ விலையா பார்த்திருப்பாய்? உன்மேல் கோபமாக இருக்கும்வரை என்மேல் கோபப்படாமல் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் அவர், "வாலு என்ன சொன்னா?" என்று கேட்டார். "டிக்கெட் விலை பாத்துக்கிட்டிருக்காளாம்" என்றேன். அந்த நிலையிலும் சிரித்தார். "ஒரு கொத்தமல்லிக் கட்டுக்கே அரை மணி நேரம் பேரம் பேசுவா. பேசட்டும். வந்துடுவா" என்றார். நீ வருகிறாய் என்ற நினைப்போடுதான் போனார் வாலு. அவரைப் பொய் சொல்லி அனுப்பிவிட்டதாக இத்தனை நாள் எனக்குள் அரித்துக்கொண்டிருந்தது. அது பொய்யில்லை என்று உன் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது.

நேற்று இங்கே நானும் ஒரு டிக்கெட் கடையில் விசாரித்தேன். தலைநகரம்வரை வாங்காதே. கீழே பக்கத்து நாட்டுக் கடற்கரையில் ஒரு நகரம் இருக்கிறது. அங்கேயே இறங்கிவிட்டால் இரண்டு விமானம்தான், விலையும் பாதிக்குக் கொஞ்சம்தான் மேல். நான் பஸ் பிடித்து இறங்கி வந்து உனக்காகக் காத்திருப்பேன். அங்கே இரண்டு நாள், நடுவழியில் ஒரு ஊரில் இரண்டு நாள் தங்கி மெல்ல ஏறலாம். உன் மூச்சுக்கும் நல்லது, என் முழங்காலுக்கும் நல்லது.

வா.

அண்ணி

*

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டுபோய் ஒன்பது மாடிக் கட்டடத்துக்கு எதிரே நின்று இன்னொரு தடவை படித்தேன். நடுத்தெருவில் அழுதேன். யாரோ ஒருத்தி தண்ணீர் பாட்டில் நீட்டினாள். கொத்தமல்லி விஷயத்தில் அண்ணன் சொன்னது கொஞ்சம் அதிகம். கால் மணி நேரம்தான் பேசுவேன்.

இரண்டு நாட்டு விசாவும் வந்துவிட்டது. இன்று காலை டிக்கெட் கடைக்குப் போனேன். அந்தப் பெண், "ரெண்டு வாரம் பொறுத்தா இன்னும் நல்லாக் குறையும்மா. இத்தனை நாள் பாத்துட்டீங்க, வெயிட் பண்றீங்களா?" என்றாள்.

"வேண்டாம்மா, இப்பவே போட்டுடு" என்றேன்.

இருபத்தெட்டாம் தேதி காலை பத்தரைக்கு நீங்கள் சொன்ன கடற்கரை நகரத்தில் இறங்குகிறேன். கடிதம் பிந்தினாலும் பிந்தும், போனிலும் சொல்லிவிடுகிறேன். வாசலிலேயே நில்லுங்கள்.

உங்கள்
வாலு