மடியில் ஃபியூஸ் கட்டை

வைகாசி, வெள்ளிக்கிழமை இரவு.

எனக்கு எழுத வராது. போனில் சொன்னால் அதுவே எழுதிக்கொள்கிறது. வாசலில் மீட்டர் பெட்டிக்குக் கீழே உட்கார்ந்து மெல்லச் சொல்கிறேன்.

மகன் குமார் இன்று ரிமோட் ஃபேன் வாங்கி வந்து, பகலில் தெருவில் கரண்ட் போயிருந்த நேரத்தில் தானே மாட்டினான். பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, சுவரிலிருந்த சுவிட்சை மட்டும் அப்படியே விட்டான். ஃபேன் ஓடியது, ஆனால் தலையை ஆட்டிக்கொண்டே ஓடியது. சுவிட்சை அணைத்துவிட்டுத் திருகை முடுக்குவதற்காக ஸ்டூலில் ஏறினான். நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"ஃபியூஸப் புடுங்கிட்டு ஏறுடா."

"சுவிட்சு ஆஃப்ல கீது நைனா. இன்னாத்துக்கு பேஜார் பண்ற?"

இந்த வீட்டுக்கு வயர் இழுத்தவன் சுவிட்சைத் தப்பான கம்பியில் கொடுத்துவிட்டுப் போனான். அணைத்தாலும் மேலே கரண்ட் இருக்கும். குமாரின் அம்மாவும் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் பல்பு மாற்றினாள். கரண்ட் தூக்கி எறிந்தது. அந்தக் கை கடைசிவரை அவளுக்கு மடங்கவில்லை. அப்போது இவன் தொட்டிலில் கிடந்தான்.

"அதெல்லாம் குண்டு பல்பு காலம்" என்று சிரித்தான். "துன்னுட்டு ஏறுறேன், போ."

அவன் சாப்பிட உட்கார்ந்ததும் நான் வெளியே வந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டேன்.

உள்ளே மருமகள் கத்துகிறாள்: "சோறு துன்ற நேரத்துலதான் கரண்ட நிறுத்துவானுங்க!"

"நல்லதாப் போச்சு. வர்றதுக்குள்ள முடிச்சிடறேன், டார்ச்சப் புடி" என்கிறான் குமார்.

ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்கிறது. எதிர் வீட்டில் விளக்கு எரிவதை அவன் பார்த்துவிடக்கூடாது. அவன் கால் தரையில் படும் சத்தம் கேட்கும்வரை மடியிலிருந்து கையை எடுக்கமாட்டேன்.