பிரிக்காத திருநீற்றுப் பொட்டலம்

சிவமயம்

பள்ளத்தூரில் இருக்கும் தேனம்மைக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? இந்தக் குளிர்நாட்டுப் பல்கலைக்கழக நூலகத்தில் நம் ஓலைச்சுவடிகளுக்குப் பட்டியல் போடும் வேலை ஒழுங்காக நடக்கிறது.

திங்களன்று முகப்பு மேசைப் பெண் மாணவர்கள் முன்னிலையில் என் நெற்றியைக் காட்டி, "அழுக்கோடு சுவடியைத் தொடக் கூடாது" என்று துடைக்கக் காகிதம் நீட்டினாள். சிலர் சிரித்தார்கள். திருநீறு என்று சொல்ல ஆங்கிலத்தில் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன்; அதற்குள் என் கையே அதைத் துடைத்துவிட்டது. "நீங்க ஏன் துடைச்சீக?" என்று கேட்பாய். எனக்கும் தெரியவில்லை. நூலக விதியாகவும் இருக்கலாம். அன்று நான் பதிந்த சுவடி சிவபூசை முறை பற்றியது.

அதன் பிறகு யாரும் எதுவும் சொல்வதில்லை.

பார்சலில் தடித்த காலுறை இரண்டு சோடி வை. திருநீறு வேண்டாம், போன முறை அனுப்பியதே பிரிக்காமல் இருக்கிறது. நூலகம் திறக்கும் நேரம், கிளம்புகிறேன்.

சாத்தப்பன்